பரிந்து பேசுவோரும் பெற்ற மனங்களும்: புனிதர் இலக்கியம் பற்றி ஒரு நோக்கு

தம்பலகாமத்தில் நாம் கற்பிக்கும் வகுப்பொன்றிலே, சென்ற தவணையில், பெரியபுராணத்துத் திலகவதியார் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தோம். சமண சமயம் புகுந்த தம்பியின் பொருட்டுத் தமக்கையார் திருவதிகை வீரட்டானத்து இறைவனிடம் இடைவிடாது முறையிட்டார். அம்முறையீட்டின் பயனாகவே மருணீக்கியார் சூலை நோயுற்றுத் திரும்பிவந்து நாவுக்கரசரானார் என்று கூறி முடித்தோம். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அம்மா மாமாவுக்காக அந்தோனியாரிட்டக் கேக்கிறதும் இதுதானே? அப்ப ஏன் அம்மப்பா அதைப் பிழை எண்டு சொல்றார்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அக்குடும்பத்தை நாம் அறிவோம். அம்மப்பா வயல் செய்யும் சைவர். ஆதிகோணநாயகர் கோயிலுக்குக் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை தவறாது செல்பவர். மகள் திருகோணமலைக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு வேதத்துக்கு மாறியவள். மாமா எனப்பட்டவர் யுத்த காலத்தில் வீட்டைவிட்டுப் போய், இன்றுவரை திரும்பாதவர். ஒரே மகனை இழந்த தந்தையும், ஒரே உடன்பிறப்பை இழந்த மகளும் அவனுக்காக யாரிடம் முறையிடுவது என்பதிலே பிரிந்து நிற்கின்றனர். மாணவியின் வினா சமய பாடத்துக்குரியதென்று நாம் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் அது இலக்கிய வினாவுமாகும். பிள்ளை ஒரு சமயத்தவராகவும் பெற்றோர் பிறிதொரு சமயத்தவராகவும் இருக்கும் வீட்டைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு கண்டது? புனிதர் கதைகளைப் பாடிய நம் புலவர்கள் அவ்வீட்டின் பெற்றோருக்கு எத்தகைய முகத்தைக் கொடுத்தனர்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கத்தோலிக்கர் புனிதர்களைக் கடவுளாக வழிபடுகின்றனர் என்பது பிறர் வழக்கமாகக் கூறும் குற்றச்சாட்டு. அவர்களது கோட்பாடு அதுவன்று. ஆராதனை இறைவனுக்கே உரியது; புனிதருக்கு உரியது வணக்கம். புனிதர் வரம் தருபவரல்லர். வரம் தருமாறு இறைவனிடம் நமக்காகப் பரிந்து பேசுபவர். உயிரோடுள்ள அயலவரிடம் 'எனக்காக மன்றாடுங்கள்' என்று கேட்பது தகுமாயின், இறைவனருகே வாழ்பவரிடம் கேட்பது ஏன் தகாது என்பது அவர்கள் வாதம். மரணம் அன்பின் உறவை அறுப்பதில்லை என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. 1563ஆம் ஆண்டில் திரெந்து நகரச் சங்கம் தன் இறுதி அமர்விலே இக்கொள்கையை உறுதிசெய்தது.

அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 1530ஆம் ஆண்டில் லுத்தர் சபையார் ஒக்ஸ்பேர்க் அறிக்கையில் எதிர்நிலையை வகுத்துவிட்டனர். புனிதரை நினைவுகூரலாம், அவர் வாழ்வைப் பின்பற்றலாம். அவரிடம் உதவி கேட்டல் ஆகாது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நிற்பவர் கிறித்து ஒருவரே என்பது அவர்களது நிலை. ஆக, இரு சாராரும் திலகவதியாரின் மன்றாட்டை ஒத்த ஒன்றை, அதாவது உயிரோடிருப்பவர் பிறருக்காக வேண்டுவதை ஏற்றுக்கொள்வர். கல்லறைக்கு அப்பாற் சென்றவரிடம் கேட்கலாமா என்பதிலேதான் பிளவு. எம் மாணவிக்கு நாம் அளித்த முதல் விடை இதுவே. அம்மா அந்தோனியாரிடம் கேட்பது திலகவதியார் செய்ததன்று. திலகவதியாரிடமே ஒருவர் சென்று 'நீர் எனக்காகச் சிவனிடம் சொல்லும்' என்று கேட்பதை ஒத்தது.

அவ்வாறு கேட்கும் மனநிலை தமிழ் மண்ணுக்கு அந்நியமானதா? அன்று. வைணவர் இதற்குப் 'புருஷகாரம்' என்று பெயரிட்டனர். பிழை செய்த அடியவன் பெருமாளை நேரே அணுக அஞ்சும்போது, பிராட்டி தாயாக நின்று அவன் சார்பிற் பேசுகிறாள். பிள்ளை லோகாசாரியர் 'ஸ்ரீவசனபூஷணம்' என்னும் நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். சிவன் கோயிலுக்குச் செல்வோர் சண்டேசுவரர் சந்நிதியிற் கைதட்டி வணங்கித் திரும்பும் வழக்கமும் நாமறிந்ததே. இத்தகைய மண்ணிலே அன்னை மரியாளும் அந்தோனியாரும் செபஸ்தியாரும் வந்து நின்றபோது, மக்களுக்கு அவர்கள் விளங்காத புதுமையாகத் தோன்றவில்லை.

சமுதாய நோக்கிற் பார்த்தால் இதற்குக் காரணம் வெளிப்படை. மன்னனையும் பண்ணையாரையும் நேரே காணமுடியாத குடியானவன், அவரை அணுகக்கூடிய ஒருவரை நாடினான். மணியகாரன், உடையார், முதலியார், பின்னாளிற் பாராளுமன்ற உறுப்பினர் என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பரிந்துரைகாரர் இருந்துவந்தார். மண்ணிலே மனுக் கொடுத்துப் பழகியவன் விண்ணையும் மனுக் கொடுக்குமிடமாகவே கற்பனை செய்தான். அவன் கண்ட விண்ணுலகம் அவன் வாழ்ந்த ஊரின் நிழல். சீர்திருத்தச் சபையார் இடையாளரை அகற்றியதும் தனி நிகழ்ச்சியன்று. வணிகமும் அச்சும் வளர்ந்த ஐரோப்பிய நகரங்களில், தானே படித்துத் தானே கணக்குத் தீர்க்கும் மனிதன் தோன்றியபோது, கடவுளிடமும் அவன் நேர்முகமாகவே பேச விரும்பினான். இரண்டில் ஒன்று அறிவு, மற்றது அறியாமை என்று தீர்ப்பளிப்பது எளிது. இரண்டுமே தத்தம் சமுதாய அமைப்பின் மொழியிற் பேசின என்று காண்பதே விமர்சகனின் கடமை.

இவ்விரு மொழிகளும் தமிழிலே மோதிக்கொண்ட ஓரிடம் சோழமண்டலக் கரை. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். 1715இல் அவரது புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. மறுபுறம், இத்தாலியரான பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் மதுரை மிஷனிற் பணியாற்றினார். தரங்கம்பாடியாரின் கண்டனங்களுக்கு விடையாக 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய உரைநடை நூல்களை அவர் எழுதினார். இரு சபையாரும் முரண்பட்ட பொருள்களுள் புனிதர் வணக்கமும் ஒன்று. தமிழ் உரைநடை வளர்ச்சிக்கு இவ்வாதங்கள் செய்த தொண்டு மறுக்கமுடியாதது. எனினும் அக்கண்டன நூல்களின் உலகிலே சபைகள் உண்டு, கோட்பாடுகள் உண்டு, எதிரிகள் உண்டு, வீடு இல்லை. ஒரு கூரையின் கீழ் இரு நம்பிக்கைகள் எவ்வாறு சோறு உண்டன என்பது அவற்றின் பொருளன்று.

வீட்டைக் காண வேண்டுமாயின் வீரமாமுனிவர் பெயரால் வழங்கும் மற்றொரு நூலுக்குச் செல்லவேண்டும். அதுவே 'கித்தேரி அம்மாள் அம்மானை'. பெண்களும் உழைப்பாளரும் பாடிக் கேட்ட அம்மானை வடிவத்தை ஐரோப்பியத் துறவியொருவர் கையாண்டது சிறப்பான செய்தி. கித்தேரியின் கதை ஐபீரியக் கரையில் வழங்கிய மரபுக் கதை. அரசி ஒருத்தி ஒரே பேற்றில் ஒன்பது பெண்மகவுகளை ஈன்றாள். கீழ்மக்களைப் போலப் பல குட்டிகள் ஈன்றாள் என்று ஊர் இகழுமே என நாணி, அவற்றை ஆற்றில் எறிந்துவிடுமாறு செவிலிக்குக் கட்டளையிட்டாள். கிறித்தவளான செவிலி எறியவில்லை, எடுத்து வளர்த்தாள். வளர்ந்த பெண்கள் தந்தை முன் நிறுத்தப்பட்டபோது, அவன் தன் சமயத்தையும் தான் பார்த்த மணமகனையும் ஏற்குமாறு வற்புறுத்தினான். கித்தேரி மறுத்தாள், அவனது ஏவலால் வெட்டுண்டு இறந்தாள், பரிந்து பேசும் புனிதையானாள்.

இக்கதையிற் பக்தர்கள் கித்தேரியின் உறுதியைக் காண்பர். நாம் செவிலியைக் காண்கிறோம். பெற்றவள் தன் வர்க்கத்தின் மானத்துக்காகக் குழந்தைகளைக் கொல்லத் துணிந்தாள். கூலிக்கு உழைத்த பெண் அவற்றின் உயிரைக் காத்தாள். 'யார் தாய்?' என்ற வினாவுக்குக் கதை தன்னையறியாமலே சரியான விடை தந்துவிட்டது. ஆனால் கதையின் போக்கு அவ்விடையைப் பற்றிக்கொள்ளவில்லை. அது தந்தையை நோக்கி விரைகிறது. தந்தை கொடுங்கோலன், அவன் கையில் வாள். வேற்றுச் சமயத்துத் தந்தைக்கு வேறு குணமே இல்லை. அவன் ஏன் அஞ்சினான், மகளை இழந்தபின் என்ன ஆனான் என்ற வினாக்களுக்கு இடமில்லை. புனிதை பிறக்கவேண்டுமாயின் தந்தை அரக்கனாக வேண்டும் என்பது அவ்வகைக் கதைகளின் எழுதாச் சட்டம்.

இச்சட்டம் கிறித்தவக் கதைகளுக்கு மாத்திரம் உரியதெனச் சைவ அன்பர்கள் மகிழவேண்டாம். சேக்கிழார் பாடிய சண்டேசுரர் வரலாற்றை நினைவுகூர்க. பசு மேய்த்த விசாரசருமன் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டினான். சினந்துவந்த தந்தை எச்சதத்தன் பாற்குடத்தைக் காலால் இடறினான். மகன் அத்தந்தையின் கால்களை வெட்டினான். இறைவன் அவனைத் தன் மகனாக ஏற்றான். அங்கே தந்தை மகளைக் கொன்றான். இங்கே மகன் தந்தையை வெட்டினான். பிரகலாதன் கதையும் இவ்வினத்ததே. இருவேறு சமயங்கள் ஒரே அச்சிற் கதைகளை வார்த்திருக்கின்றன. பழைய குடும்பக் கட்டிலிருந்து தனிமனித மனச்சாட்சி விடுபடும் வேதனையை இக்கதைகள் உணர்த்துகின்றன என்பது உண்மை. அவ்வகையில் அவற்றுக்கு ஒரு முற்போக்கான கூறும் உண்டு. தந்தை சொல்வதே வேதம் என்றிருந்த சமுதாயத்தில், ஒரு பெண் 'என் நெஞ்சம் எனக்குரியது' என்று நின்றது சிறு செயலன்று. ஆயினும் அவ்வேதனையின் மறுபாதியை, பெற்றவரின் பாதியை, அவை வெட்டி எறிந்துவிட்டன.

இந்நிலையிலேதான் ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியம் நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் தெல்லிப்பழைப் பூலோகசிங்க முதலியார் பாடிய 'திருச்செல்வர் காவியம்' இன்று பல்கலைக்கழக மாணவராலும் மிகுதியாகப் படிக்கப்படுவதில்லை. அது பாடப்பட்ட சூழலை எண்ணிப் பார்ப்போம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானமும் திருமணப் பதிவும் இன்றி உத்தியோகமும் முதுசொம் உரிமையும் கிடைத்தல் அரிதாயிற்று. பகலில் ஒல்லாந்தரின் கோயில், இரவில் ஒளித்துவைத்த சுருவம் என்றும், பகலிற் கோயிற் பதிவு, இரவில் வீட்டுச் சைவப் பூசை என்றும் மக்கள் இரட்டை வாழ்வு வாழ்ந்தனர். 1687இல் கோவையிலிருந்து (கோவா நாட்டிலிருந்து) இரகசியமாக வந்த யோசவாஸ் அடிகள் இம்மக்களிடையே மறைந்து திரிந்து பணியாற்றினார். 2015 ஜனவரி 14இல் கொழும்பிலே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அத்தகைய காலத்திற் பாடப்பட்ட காவியத்தின் கதை யாது? ஐரோப்பாவில் 'பர்லாமும் யோசபாத்தும்' என வழங்கிய கதையே அது. இந்திய நாட்டு மன்னன் ஒருவன் கிறித்தவரைத் துன்புறுத்துகிறான். அவனுக்குப் பிறந்த மகன் அவ்வேதத்தையே தழுவுவான் எனச் சோதிடர் கூறுகின்றனர். அஞ்சிய தந்தை, துன்பமே கண்ணிற்படாதவாறு மகனை மாளிகையில் வளர்க்கிறான். ஆயினும் இளவரசன் ஒருநாள் நோயாளியையும் குருடனையும் முதியவனையும் கண்டுவிடுகிறான். உலக வாழ்வின் நிலையாமை அவன் நெஞ்சைத் தைக்கிறது. இரத்தின வணிகனாக வேடமிட்டு வந்த துறவி அவனுக்கு உபதேசிக்கிறார். தந்தை சினக்கிறான், இரங்குகிறான், நாட்டைப் பகிர்ந்து கொடுக்கிறான். இறுதியில் மகனாலேயே மனம் மாறி இறக்கிறான். மகன் முடிதுறந்து காடேகுகிறான்.

இக்கதையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று வாசகர் எண்ணுவர். ஆம், இது சித்தார்த்தன் கதை. 1859, 1860ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய அறிஞர் இதனைக் கண்டறிந்து வெளிப்படுத்தினர். போதிசத்துவர் என்ற சொல்லே அரபு மொழி வழியாக உருத்திரிந்து, ஜோர்ஜிய மொழியிலும் கிரேக்கத்திலும் புகுந்து, யோசபாத்து என்னும் பெயராயிற்று. அப்பெயருடைய 'புனிதர்' 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் புனிதர் பட்டியலிலும் இடம்பெற்றார். நவம்பர் 27 அவர் நாளாகக் குறிக்கப்பட்டது. அதாவது, புத்தர் ஒரு காலத்திற் கத்தோலிக்க உலகின் புனிதராக நின்று பரிந்து பேசிக்கொண்டிருந்தார். பௌத்தர் பெரும்பான்மையினராக வாழும் இவ்விலங்கையிலே, தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கனான தமிழ்ப் புலவன், தானறியாமலே கௌதமனின் கதையைத் தன் வேதத்தின் காவியமாகப் பாடினான்! மதங்களுக்கிடையே வேலி கட்டுவோர் இச்செய்தியை ஒருமுறையேனும் நிதானமாக எண்ணிப்பார்ப்பாராக.

நம் பொருளுக்கு இதனினும் முக்கியமானது தந்தையின் பாத்திரம். கித்தேரியின் தந்தை வாளோடு மறைந்தான். இளவரசனின் தந்தையோ அன்பினாலே பிழை செய்பவன். மகனைச் சிறையிட்டதும் அவனை இழக்க அஞ்சியே. அவன் கொடுமைக்கும் பாசத்துக்கும் இடையே அலைகிறான், வாதிடுகிறான், தோற்கிறான், மாறுகிறான். இங்கே பரிந்து பேசுபவர் இறந்துபோன புனிதரல்லர்; உயிரோடுள்ள மகன். எவருக்காக? தன்னைத் துன்புறுத்திய தந்தைக்காக. பெற்றோர் பிள்ளைக்காக வேண்டுதல் உலக வழக்கு. பிள்ளை பெற்றோருக்காக வேண்டுதல் இக்கதையின் புதுமை. அடக்குமுறை ஆட்சியின் கீழிருந்த ஒரு சிறுபான்மையினர், அடக்குபவனை வெட்டி வீழ்த்தும் கதையைத் தேர்ந்தெடுக்காமல், அவன் மனம் மாறும் கதையைத் தேர்ந்தெடுத்தது ஆழ்ந்து நோக்கற்பாலது.

எனினும் காவியத்தின் எல்லையையும் கூறவேண்டும். தந்தை மனிதனானது மாறியதனாலேதான். மாறாமலே இறந்திருந்தால்? மகனின் வேதத்தை ஏற்காத, ஆனால் மகனை வெறுக்காத தந்தை ஒருவனுக்குக் காவியத்தில் இடம் உண்டா? இல்லை. பெற்றோர் ஒன்றில் அரக்கராக வேண்டும். அன்றேல் மதம் மாறவேண்டும். தம் நம்பிக்கையில் நின்றுகொண்டே பிள்ளையோடும் வாழும் பெற்றோரை இப்புலவர்கள் எவரும் கண்டதில்லை.

பிற்காலத்துக் கிறித்தவ இலக்கியமும் இக்குறையை நிறைவுசெய்யவில்லை. வைணவராகப் பிறந்து சீர்திருத்தக் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காவியத்தை வெளியிட்டார். அதற்கு முதனூலான பனியனின் ஆங்கிலக் கதையிலே யாத்திரிகன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். அவனுக்காகப் பரிந்து பேசப் புனிதர் எவருமில்லை. அவன் தோளிற் சுமை, கையிற் புத்தகம். இது சீர்திருத்த மனிதனின் கம்பீரம். அவனது தனிமையும் இதுவே. கத்தோலிக்கக் காவியத்திற் கூட்டம் உண்டு, சீர்திருத்தக் காவியத்திற் பாதை உண்டு. பின்னே விட்டுவந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவரை இரண்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈழத்து நாவலின் தொடக்கத்தில் எம் மாவட்டத்துக்கு ஓர் இடமுண்டு. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பிய வீரக் கதையின் தழுவல். அதன் மாந்தரும் களமும் அந்நிய நாட்டுடையன. கத்தோலிக்கனான ஆசிரியன் தன்னைச் சூழ்ந்திருந்த துறைமுகத்தையும் வயலையும் விட்டு, எங்கோ இருந்த அரண்மனையைப் பாடினான். நமது காலத்து முற்போக்கு எழுத்தாளர்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கினர். டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் எஸ். அகஸ்தியரும் உழைக்கும் மக்களின் வாழ்வை எழுத்திற் கொணர்ந்தனர். வேதத்துக்கு மாறிய பின்னரும் சாதி தொடர்ந்துவந்த அவலத்தை டானியலின் 'கானல்' காட்டியது. சாதிக் கொடுமையே அவர்கள் முன்னின்ற பெரும்போர். அவர்கள் அதனை எழுதியது முற்றும் நியாயம். ஆயினும் மாறிய மகளும் மாறாத தந்தையும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் அந்தச் சிறிய அறை இன்னும் எழுதப்படவேண்டியதாகவே இருக்கிறது.

இலக்கியம் காணாததை மக்கள் வாழ்ந்து காட்டுகின்றனர். மடுமாதா கோயிற் பெருநாளிலே சைவத் தாய்மாரும் நேர்த்திக்கடன் செலுத்துவர். சிங்களக் கத்தோலிக்கரும் தமிழரும் ஒரே மண்ணைப் பிரசாதமாக அள்ளிச் செல்வர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இன்ன சமயத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. எமது பாலையூற்று லூர்து அன்னை கோயிலுக்கு மெழுகுதிரியோடு வருவோர் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவரல்லர். இன்னொரு வரலாற்றையும் மறக்கலாகாது. 1624ஆம் ஆண்டளவிற் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டினர். அங்கிருந்து மறைத்துக் கொணரப்பட்ட திருவுருவங்களோடு தொடர்புடையதே தம்பலகாமத்துக் கோயில் என்பது ஊரின் மரபு. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் இவ்வயல்களிலே, நானூறு ஆண்டுகளாகியும் அந்நினைவு காயவில்லை. அம்மப்பா அந்தோனியாரை ஏற்க மறுக்கும்போது அவர் கோட்பாட்டோடு மாத்திரம் வாதிடவில்லை. இடிந்த கோயிலின் நினைவோடும் பேசுகிறார். அவரைப் 'பழமைவாதி' என்று ஒதுக்குவோர் வரலாறு அறியாதோர். அவ்வாறே, இன்று மெழுகுதிரி ஏற்றும் மீனவப் பெண்ணைப் போர்த்துக்கேயரின் வாரிசாகக் காண்போரும் வரலாறு அறியாதோரே. ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கனும், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் சைவனும் ஒரே கொள்ளைக்காரக் கூட்டத்தின் இரு கைகளால் அடிபட்டவர்கள்.

சென்ற ஆடியமாவாசைக்கு மறுநாள் அவ்வீட்டிற்கு நாம் போயிருந்தோம். தந்தையும் மகளும் வழக்கமான பேச்சிலே இருந்தனர்.

"செத்துப்போன மனுசன் ஒருத்தர் கேட்டு என்ன ஆகப்போகுது மகள்? எங்கட கோணேசருக்குக் காது இல்லையா?" என்றார் பெரியவர்.

"கோணேசரும் கேக்கட்டும் அப்பா, அந்தோனியாரும் கேக்கட்டும். கேக்காமல் இருக்கிறது கந்தோர்காரர்தானே" என்றாள் மகள்.

பெரியவர் விடை கூறவில்லை. முதல்நாள் அவர் தம் முன்னோருக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்திருந்தார். மகன் பெயரை மாத்திரம் சொல்லவில்லை. சொன்னால் அவன் இறந்தவனாகிவிடுவான். அவள் நவம்பர் 2இல், இறந்தோர் நாளன்று, கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவாள், தம்பிக்கென்று ஏற்றமாட்டாள். அவனுக்குரிய மெழுகுதிரி அந்தோனியார் முன்னே எரிகிறது. ஏனெனில் அவர் காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் என்பது மக்கள் நம்பிக்கை. கோட்பாட்டிலே முரண்பட்ட இருவரும் ஒரு செயலில் ஒன்றுபட்டிருந்தனர்: அவனை இறந்தோர் கணக்கில் எழுத இருவரும் மறுத்தனர்.

அன்றுதான் அம்மாணவியின் வினாவுக்கு நாம் முழு விடை கண்டோம். இந்நாட்டில் 2010இல் ஓர் ஆணைக்குழு, 2013இல் மற்றோர் ஆணைக்குழு, 2016இற் காணாமற்போனோருக்கான அலுவலகம் பற்றிய சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாய்மார் ஒவ்வொன்றிலும் சாட்சியம் அளித்தனர், மனுக் கொடுத்தனர், படங்களைக் காட்டினர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் அவர்கள் வீதியோரத்திற் பந்தலிட்டு அமர்ந்தனர். மண்ணிலுள்ள வாசல்கள் விடைதராதபோதுதான் விண்ணிலுள்ள வாசலின் முன் வரிசை நீளுகிறது. மதத்தை மக்களின் அபினி என்று சொன்ன மேதை, அதே இடத்திற் துன்புறும் மக்களின் பெருமூச்சு அதனுள்ளே இருப்பதையும் சுட்டினார். அபினியை மாத்திரம் நினைவிற்கொண்டு பெருமூச்சை மறந்துவிடும் நண்பர்கள் நம்மிடையேயும் உளர். மெழுகுதிரியை ஊதி அணைப்பதால் மகன் திரும்பிவரமாட்டான். அவன் எங்கே என்று கேட்கும் குரலோடு நம் குரலையும் சேர்ப்பதே முற்போக்காளர் ஆற்றவேண்டிய பரிந்துரை.

அதற்காக, எல்லா நம்பிக்கையும் ஒன்றே என்று மழுப்பவும் நாம் விரும்பவில்லை. வேறுபாடு உண்மையானது. தந்தை செத்தவர் செவிசாயார் என்கிறார். மகள் சாய்ப்பர் என்கிறாள். இருவரும் ஒருங்கே சரியாக இருக்கமுடியாது. மகளின் உள்ளத்தில் மேலும் ஒரு முள் உண்டு: ஞானஸ்நானம் பெறாத தந்தை இறந்தபின் எங்கே போவார் என்பது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோர் நேரிய மனச்சாட்சியின்படி வாழ்ந்தால் மீட்புப் பெறலாம் என்ற கருத்தை ஏற்றது. கோட்பாட்டு ஏடு அவ்வளவு தூரம் நடந்துவிட்டது. நம் புனிதர் நாடகங்களும் அம்மானைகளும் மேடையிலும் கோயில் முற்றத்திலும் இன்னும் பழைய வாளையே சுழற்றிக்கொண்டிருக்கின்றன. இலக்கியம் ஏட்டுக்கும் பின்னே நிற்பது நமக்குப் பெருமையன்று.

ஆகவே எழுத்தாளர்களை நோக்கி நாம் கூறுவது இதுவே. கித்தேரியை வளர்த்த செவிலியைப் பாடுங்கள். சண்டேசரின் தந்தை காலிழந்து கிடந்த இரவை எழுதுங்கள். மனம் மாறாமலே மகனை ஆசீர்வதித்த மன்னன் ஒருவனைப் படையுங்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிக்கொண்டனர் என்று சொன்னாற் போதும். சமயப் பூசலை மூலதனமாக்கி நம் மக்களைப் பிரித்தாளக் காத்திருப்போர் எக்காலத்தும் உளர். அவர்களுக்கு எதிரான வலிய ஆயுதம், பிரிந்த நம்பிக்கையோடு பிரியாத மனிதரைக் காட்டும் இலக்கியமேயாகும்.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவியிடம், "அம்மப்பா சொல்வதும் அம்மா சொல்வதும் வேறுதான், அவர்கள் கேட்பது மாத்திரம் ஒன்று" என்றோம். அவள் சற்று யோசித்து, "அப்ப அதை யார் சேர் எழுதுவினம்?" என்றாள். அவள் முன்னே கொப்பி திறந்தபடி இருந்தது. அதையே சுட்டிக்காட்டினோம்.